யுவான் சுவாங் கண்ட காஞ்சி

கேள்வி: சீனத் துறவி யுவான் சுவாங் காஞ்சிபுரத்தில் நூறு பௌத்த மடங்களைக் கண்டதாகப் படித்திருக்கிறேன். இன்று அங்கே ஒன்றுகூட இல்லையே! அவர் எழுதியதை நம்பலாமா?
- வாசகர் ஒருவர், காஞ்சிபுரம்

பதில்: நம்பலாம், ஆனால் அவர் எதைக் கணக்கிட்டார் என்று பார்த்துப் படிக்க வேண்டும். பல்லவ மன்னன் முதலாம் நரசிம்மவர்மன் ஆண்ட காலத்தில், சுமார் 640-ஆம் ஆண்டில் வந்த அவர், நூறு மடங்கள், 10,000 துறவிகள், தேவர் கோயில்கள் என அவர் குறிக்கும் எண்பது இந்துக் கோயில்கள், நிர்க்கிரந்தர் எனப்பட்ட சமணர் பலர் என்று சொல்வது, காஞ்சியைத் தலைநகராகக் கொண்ட திராவிட நாடு முழுமைக்கும் உரிய கணக்கு. அதை நகருக்கு மட்டும் உரியதாகக் கொள்வது தவறு.

அவருக்குக் காஞ்சி வெறும் வழித்தங்கல் அன்று. நாளந்தாவில் அவருக்குக் கற்பித்த சீலபத்திரரின் ஆசிரியர் தர்மபாலர் பிறந்த ஊர் அது. அமைச்சரின் மகனான தர்மபாலர், அரச குமாரியுடன் நிச்சயிக்கப்பட்ட திருமணத்தைத் துறந்து இரவோடு இரவாக வெளியேறிய கதையை அவர் விரிவாகவே எழுதுகிறார். மக்கள் துணிவுள்ளவர்கள், வாய்மையைப் போற்றுபவர்கள், கல்வியை உயர்வாக மதிப்பவர்கள் என்ற அவரது பாராட்டைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நெகிழும். ஆயினும் எண்பது கோயில்களைப் பற்றி எண்ணிக்கைக்கு மேல் அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. அதே நூற்றாண்டில் அப்பர் பெருமான் பாடி எழுப்பிய சைவ எழுச்சியும் அவர் குறிப்பில் இல்லை. தம் அறத்தைத் தேடி வந்தவரின் கண் அதன் மேலேயே நின்றது இயல்புதான்.

மடங்கள் ஏன் எஞ்சவில்லை என்பதற்கு மண்டகப்பட்டில் பாறையைக் குடைந்து அமைத்த கோயிலின் கல்வெட்டு வழிகாட்டுகிறது. செங்கல், மரம், உலோகம், சுதை இல்லாமல் இக்கோயிலை அமைத்தேன் என்று நரசிம்மவர்மனின் தந்தை மகேந்திரவர்மன் அதில் பெருமையுடன் சொல்கிறான். அக்காலத்துக் கட்டடங்கள் பொதுவாக அப்பொருள்களாலேயே ஆனவை என்பது இதிலிருந்து புலப்படும். அவை அழிந்தன, அவர் கண்ட கோயில்களும் அவ்வாறே அழிந்திருக்க வேண்டும். இன்று நாம் வியந்து பார்க்கும் கைலாசநாதர் கோயில்கூட, அவர் வந்து சென்று ஏறத்தாழ அறுபது ஆண்டுகளுக்குப் பிறகு பல்லவ மன்னன் ராஜசிம்மன் கட்டியதே. பௌத்தத்துக்குப் பின்னாளில் ஆதரவு குன்றியதால், இடிந்த மடங்களைக் கல்லால் எடுத்துக் கட்ட எவரும் முன்வரவில்லை.

ஆனால் தடயமே இல்லை என்று எண்ணிவிடாதீர்கள். காஞ்சியில் கிடைத்த புத்தர் கற்சிலைகள் உண்டு. அவற்றுள் ஒன்று சென்னை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அவர் கண்ட சமணத்தின் தொடர்ச்சியை அறிய, உங்கள் ஊருக்கு அருகிலேயே உள்ள திருப்பருத்திக்குன்றத்துச் சமணக் கோயிலுக்குச் செல்லுங்கள். அங்கே வழிபாடு இன்றும் நடக்கிறது.