மொத்த அளவு சரி, ஆனால் உரம் திட்டுத் திட்டாக விழுகிறது: இழப்பு கூடுமா?

கேள்வி: மக்காச்சோளத்துக்கு யூரியாவைக் கையால் தூவுகிறேன். மொத்த அளவு பரிந்துரைப்படிதான். ஆனால் பயிர் சில இடத்தில் கரும்பச்சை, சில இடத்தில் வெளிர். ஓரிடத்தில் கூடியது இன்னோரிடத்தில் குறைந்திருக்குமே, வாயுவாகப் போகும் தழைச்சத்தும் (நைட்ரஜன்) அப்படிச் சரிக்கட்டிவிடாதா?

பதில்: சரிக்கட்டாது. பயிரின் தேவை ஹெக்டேருக்கு 120 கிலோ தழைச்சத்து என்று வைத்துக்கொள்வோம். பாதி வயலில் 60, மீதியில் 180 விழுகிறது. 60 விழுந்த இடத்தில் வேர் பெரும்பகுதியை இழுத்துக்கொள்ளும். அங்கே வாயு இழப்பு ஏற்கெனவே குறைவு, அதில் பெரிதாக மிச்சம் பிடிக்க முடியாது. 180 விழுந்த இடத்தில் வேருக்குப் போக எஞ்சியது நைட்ரேட்டாக (நீரில் கரையும் தழைச்சத்து வடிவம்) மண்ணில் கிடக்கும். மழை பெய்து மண்துளைகளில் ஏறக்குறைய 60 சதவீதத்துக்கு மேல் நீர் நிறைந்ததும், ஆக்சிஜன் கிடைக்காத பாக்டீரியாக்கள் அந்த நைட்ரேட்டைக் கொண்டு சுவாசிக்கத் தொடங்கும். நைட்ரஸ் ஆக்சைடும் நைட்ரஜனும் வெளியேறும். தேவையைத் தாண்டியபின் நைட்ரஸ் ஆக்சைடு உரத்தின் அளவைவிட வேகமாக ஏறுகிறது. அதனால்தான் கரும்பச்சைத் திட்டுகள் எனக்குக் கவலை தருகின்றன. நைட்ரஸ் ஆக்சைடாகப் போவது பொதுவாக இட்ட தழைச்சத்தில் 1 சதவீத அளவுதான். ஆனால் நூறாண்டுக் கணக்கில் அது அதே எடையுள்ள கார்பன் டை ஆக்சைடைப் போல 273 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும்.

உங்கள் பணத்தை அதிகம் தின்பது அம்மோனியா. மேலே கிடக்கும் யூரியா ஈரத்தில் சிதையும்போது அதைச் சுற்றிக் காரத்தன்மை ஏறி, அம்மோனியா கிளம்பும். 5 சென்டிமீட்டர் ஆழத்தில் இட்டு மண் மூடினால் இது வெகுவாகக் குறையும். மூட வழியில்லையென்றால் தூவிய ஓரிரு நாளுக்குள் 10 முதல் 15 மில்லிமீட்டர் நீர் பாய்ச்சுங்கள்.

அப்படியானால் வரிசையோரம் பள்ளமிட்டு ஒரே கோடாகக் கொட்டிவிடலாமா? அளவாக இட்டால் நல்லது. மண்ணில் அம்மோனியா முதலில் நைட்ரைட்டாகி, பிறகே நைட்ரேட்டாகும். நெருக்கமாகக் கொட்டினால் அந்தக் கோட்டில் அம்மோனியா செறிந்து, நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும் பாக்டீரியாவை முடக்கும். நைட்ரைட் தேங்கும், நைட்ரஸ் ஆக்சைடு கூடும். ஒரே தடவையில் இடாமல் பிரித்து இடச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

கையால்தான் தூவ முடியும் என்றால், உரத்தை இரண்டாகப் பிரித்து ஒரு பாதியை நீளவாட்டிலும் மறுபாதியைக் குறுக்குவாட்டிலும் தூவுங்கள். திரும்பும் ஓரங்களில் இரட்டிப்பாக விழாமல் பாருங்கள். நீர் தேங்கும் பள்ளங்களில் மண் வடியும்வரை இட வேண்டாம். இப்போது கரும்பச்சையாக இருக்கும் திட்டுகளில் குச்சி நட்டு வையுங்கள். அடுத்த மேலுரத்தின்போது அவற்றை விட்டுவிட்டு, வெளிர் இடங்களுக்கு மட்டும் இடுங்கள்.