ஆறு தடவை பார்த்த படமும் அடையாத கார்டு பாக்கியும்

கேரள எல்லையோரம் இருக்கிற கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். வயது 36, கோபாலபுரம் பக்கம் ஒரு கயிறு மில்லில் சூப்பர்வைசர், கைக்கு வருவது 34,000 ரூபாய், வாடகை இல்லாத சொந்த வீடு, இரண்டு பிள்ளைகள். கடிதத்தின் முக்கால் பாகம் ஒரு சினிமாவைப் பற்றித்தான். போன வருஷம் வந்த தன் அபிமான நடிகரின் படத்தை தியேட்டரில் ஆறு தடவை பார்த்தாராம். கடைசி இரண்டு பத்தியில்தான் விஷயத்துக்கு வருகிறார்: "கிரெடிட் கார்டில் 62,000 நிற்கிறது சார். ஒரு மாசம்கூட தவறாம கட்டறேன், ஆனா குறையவே மாட்டேங்குது. சினிமா டிக்கெட் ஒண்ணு வாங்கினா ஒண்ணு ஃப்ரீன்னு புது கார்டு குடுக்கறாங்க, அதை எடுத்தா செலவு பாதியாகுமா? மச்சினன் ஆப்ல தினம் 100 ரூபாய்க்குத் தங்கம் வாங்கச் சொல்றான், அது நல்லதா?"

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். படம் பார்ப்பதை நிறுத்துங்கள் என்று நான் எழுதப் போவதில்லை. ஒரே படத்தை நாலு தடவை தரை டிக்கெட்டில் உட்கார்ந்து பார்த்தவன்தான் நானும். வரவு செலவு எழுதுங்கள், அவசரத்துக்குப் பணம் ஒதுக்குங்கள் என்ற பாடமும் உங்களுக்கு வேண்டாம், கடிதத்திலேயே கணக்கை அழகாக எழுதி அனுப்பியிருக்கிறீர்கள். அந்தக் கணக்கை அப்படியே இங்கே வைக்கிறேன், ஏனென்றால் நோய் அதில்தான் இருக்கிறது.

முதல் நாள் விடியற்காலைக் காட்சி, உங்களோடு 6 பேர், முந்தின ராத்திரி சாப்பாடு உட்பட 2,310. ஞாயிற்றுக்கிழமை அம்மா, மனைவி, பிள்ளைகளோடு பொள்ளாச்சியில் 1,750. மச்சினன் குடும்பம், அவர் நண்பர் குடும்பம் எல்லாம் சேர்ந்து 9 பேர், கோயம்புத்தூர் மால், தின்பண்டத்தோடு 4,425. மில் நண்பர்கள் 4 பேர் 900. மாமியார் வீட்டு ஆட்கள் 7 பேர் 2,600. கடைசியாக நீங்கள் மட்டும் தனியாகப் போனது, 160. ஆக மொத்தம் 12,145 ரூபாய்.

தனியாகப் போன அந்த 160-ஐ இன்னொரு தடவை பாருங்கள். உங்கள் ஆசைக்கு ஆன விலை அவ்வளவுதான்! மொத்தம் 32 சீட்டு, அதில் உங்களுடையது ஆறு. மனைவி, பிள்ளைகள், அம்மா கணக்கையும் தாராளமாகக் கழித்துவிட்டால்கூட மற்றவர்களுக்காகப் போனது சுமார் 7,000 வரும். வருஷத்துக்கு இப்படி நாலு படம் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள் (இப்போது பழைய படங்களை வேறு புதுசாக மெருகேற்றி மறுபடி ரிலீஸ் செய்கிறார்கள், அதற்கும் கூட்டம் சேர்த்துக்கொண்டு போகிறீர்கள்). 28,000. இரண்டு வருஷத்தில் 56,000. கார்டு பாக்கி எங்கிருந்து வந்தது என்று இனிமேல் தேட வேண்டியதில்லை.

உங்களுக்கு இந்தப் பழக்கம் எப்படி ஒட்டியது என்பதும் புரிகிறது. 2023 தொடக்கத்துக்குப் பிறகு தமிழ்நாட்டில் விடியற்காலைக் காட்சிக்கு அனுமதி கிடைப்பதில்லை, எவ்வளவு பெரிய படமானாலும் காலை 9 மணிக்குத்தான் ஆரம்பம். கேரளாவில் அதற்குள் ஒரு காட்சியே முடிந்துவிடும். அதனால் எல்லையில் கேரளப் பக்கம் வீடு இருக்கிற ஒருவர் கிடைத்தால் தமிழ்நாட்டுப் பக்கத்து நண்பர்கள் விடுவார்களா? முந்தின ராத்திரியே வந்து இறங்கிவிடுகிறார்கள், "மாப்ள, நம்ம ஊர்க்காரன் நீதான், டிக்கெட் போட்டுரு, அப்புறம் தர்றேன்" என்கிறார்கள். அந்த அப்புறம் வருவதே இல்லை, வந்தவர்களிடம் டிக்கெட் காசு கேட்க உங்களுக்கு வாயும் வருவதில்லை. அதிலும் மச்சினன் "மாமா, 9 டிக்கெட்" என்று போனில் சொல்லிவிட்டால் மனைவி முகத்தைப் பார்த்துக்கொண்டு கார்டைத் தேய்க்கத்தான் தோன்றும்.

இனி கார்டு. ஒரு மாதம்கூடத் தவறவில்லை என்று பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் கட்டுவது குறைந்தபட்சத் தொகை, 5 சதவீதம், 3,100 ரூபாய். உங்கள் கார்டின் வட்டி மாதத்துக்கு 3.6 சதவீதம். 62,000-க்கு அது 2,232. அந்த வட்டிக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி, 402. இரண்டும் சேர்ந்து 2,634. கட்டின 3,100-ல் அசலுக்குப் போவது வெறும் 466 ரூபாய்தான், அடுத்த வாரம் ஒரு குடும்பக் காட்சிக்குப் போனால் அதுவும் போச்சு. இன்னொன்றும் இருக்கிறது, பலருக்கு இது தெரியாது: பாக்கியை முழுசாக அடைக்காதவருக்கு அந்த 45, 50 நாள் வட்டியில்லாத சலுகை கிடையாது. புதிதாக எடுக்கிற டிக்கெட்டுக்கும் எடுத்த நாளிலிருந்தே வட்டி ஓடும்.

ஆகவே இலவச டிக்கெட் கார்டு உங்களுக்கு வேண்டவே வேண்டாம். தவறாமல் கட்டிக்கொண்டே, பாக்கியும் வைத்திருக்கிற ஆளைத்தான் கார்டுக்காரர்களுக்கு ரொம்பப் பிடிக்கும், உங்களைத் தேடி வருவதே அதனால்தான். இலவசம் என்றால் மாதத்துக்கு இத்தனை தடவைதான், டிக்கெட்டுக்கு இவ்வளவு ரூபாய் வரைதான் என்று நிபந்தனை இருக்கும், ஆண்டுக் கட்டணம் இருக்கும். இதெல்லாம் இல்லாவிட்டாலும், ஒன்றுக்கு ஒன்று இலவசம் என்று கையில் இருந்தால் நீங்கள் 9 பேரை 18 ஆக்குவீர்களே தவிர செலவைப் பாதியாக்க மாட்டீர்கள்.

ஆப் தங்கம் பற்றிச் சுருக்கமாக. வாங்கும்போதே 3 சதவீதம் ஜிஎஸ்டி போய்விடும். 2025 நவம்பரில் பங்குச் சந்தையைக் கண்காணிக்கிற செபியே இந்த டிஜிட்டல் தங்கம் தன் கண்காணிப்புக்குள் வராது என்று எச்சரித்திருக்கிறது. வருஷத்துக்கு 43 சதவீதம் வட்டி கட்டிக்கொண்டிருக்கிற ஆள் தினம் 100 ரூபாய்க்குத் தங்கம் வாங்குவதில் என்ன அர்த்தம்? மச்சினனிடம் அந்த 100 ரூபாயை டிக்கெட் பாக்கிக்குக் கழிக்கச் சொல்லுங்கள்.

கடனை அடைக்க வழி உங்கள் கையிலேயே இருக்கிறது, கடிதத்தில் போகிற போக்கில் ஒரு வரியாகச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறீர்கள். கேரள அரசின் சீட்டு நிறுவனமான கேஎஸ்எஃப்இயில் மாதம் 2,500 வீதம் 40 மாதச் சீட்டு, ஒரு லட்ச ரூபாய், 20 தவணை கட்டியாகிவிட்டது, இன்னும் எடுக்கவில்லை. பெண்ணின் படிப்புக்கு என்று வைத்திருக்கிறீர்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் இப்போதே ஏலத்தில் தள்ளி எடுங்கள், அதாவது ஒரு தொகையை விட்டுக்கொடுத்து முன்கூட்டியே வாங்கிவிடுங்கள். 15,000 தள்ளி எடுத்தால்கூட 85,000 வரும், அதில் 62,000-ஐக் கார்டுக்கு ஒரே தடவையில் கட்டிவிட்டால் 23,000 மிஞ்சும், அதை பெண் படிப்புக்கு அங்கேயே டெபாசிட்டாகப் போட்டுவிடலாம். 15,000 நஷ்டமா என்று கேட்பீர்கள். கார்டை இப்படியே விட்டால் சீட்டு முடிய இருக்கிற 20 மாதத்துக்கு வட்டியும் வரியும் மட்டும் 50,000 அளவுக்கு வரும். சீட்டை எடுத்தவருக்கு மீதித் தவணைக்கு ஜாமீன் கேட்பார்கள், சம்பளச் சான்றோ நகையோ தயாராக வைத்துக்கொண்டு கிளையில் போய்ப் பேசுங்கள். ஏலத்தில் ரொம்பத் தள்ள வேண்டியிருந்தால், 25,000-க்கு மேல் என்றால், அந்த மாதம் விட்டுவிட்டு அடுத்த மாதம் பாருங்கள். பர்சனல் லோன் விளம்பர மெசேஜ் எதையும் தொடாதீர்கள்.

இதில் ஒரே ஒரு ஆபத்து. கார்டை அடைத்துவிட்டு அதே கார்டில் மறுபடி 9 டிக்கெட் போட்டால் சீட்டும் போய் கடனும் வந்து நிற்கும். அதனால் பாக்கி பூஜ்யம் ஆனதும் அந்தக் கார்டை முடித்து விடுங்கள், டிக்கெட் ஆப்பிலிருந்து கார்டு எண்ணையும் அழித்துவிடுங்கள். மாதம் 3,100 மிச்சமாகும். அதில் 1,000 சினிமாவுக்கு என்று தனியாக வையுங்கள், மனசாரச் சொல்கிறேன், அதைப் படத்துக்கே செலவழியுங்கள். ஆன்லைன் வேண்டாம், கவுண்டரில் போய் எடுங்கள், அந்த 32 சீட்டுக்கு முன்பதிவுக் கட்டணம் சீட்டுக்கு 30 என்று வைத்தாலும் 960 ரூபாய் போயிருக்கிறது. இரண்டாவது மூன்றாவது தடவை பார்ப்பதற்கு மால் எதற்கு? 100 ரூபாய்க்குள் டிக்கெட் இருக்கிற தியேட்டரில் 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி 5 சதவீதம்தான், அதற்கு மேலே போனால் 18.

காசு கேட்கக் கூச்சம் என்றால் கேட்காதீர்கள், முறையை மாற்றிக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வருகிறவர்களுக்குச் சோறு போடுவது உங்கள் கணக்கு, அதை நான் தடுக்க மாட்டேன், பத்துப் பேருக்குத் தக்காளிச் சாதம் கிண்டினால் 400 ரூபாய் ஆகுமா? டிக்கெட் அவர்கள் கணக்கு. மில் நண்பர்களுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு வரி போதும், காசு அனுப்பினவருக்குச் சீட்டு, அவ்வளவுதான். மச்சினனிடம் நீங்கள் பேச வேண்டாம், உங்கள் மனைவி பேசட்டும், அக்கா சொன்னால் அவருக்கு உறைக்கும். அதற்கு முன்னால் அந்த 62,000 கணக்கை மனைவியிடம் காட்டுங்கள், கடிதத்தைப் படித்தவரைக்கும் அவருக்கு இது தெரியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

அடுத்த மாதம் உங்கள் ஆளின் படம் வருகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். "இந்தத் தடவை டிக்கெட் நீங்க, சாப்பாடு நாங்க" என்று இந்த வாரமே எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள். முன்பதிவு திறந்த ராத்திரி சொன்னால் ஒருத்தரும் கேட்க மாட்டார்கள்.