மூன்று பிள்ளைகளின் பள்ளிச் செலவும் தீராத கார்டு கடனும்

கேள்வி: வணக்கம் ஐயா. நாங்கள் பினாங்கு பட்டர்வொர்த்தில் வசிக்கிறோம். கணவர் பிறை தொழிற்பேட்டையில் வேலை செய்கிறார், நான் ஒரு கிளினிக்கில் கணக்கெழுதுகிறேன். பிடித்தம் போக இருவருக்கும் சேர்த்து மாதம் 6,400 வெள்ளி (ரிங்கிட்) கைக்கு வருகிறது. வரும் ஜனவரியில் மூத்த மகன் இடைநிலைப்பள்ளியில் படிவம் ஒன்றுக்கும், மகள் நான்காம் ஆண்டுக்கும், கடைக்குட்டி முதலாம் ஆண்டுக்கும் போகிறார்கள். கடந்த ஜனவரியில் பள்ளிச் செலவு 2,400 வெள்ளியைக் கிரெடிட் கார்டில் போட்டோம். எட்டு மாதமாக மாதம் 200 வெள்ளி கட்டியும் ஆயிரத்துக்கு மேல் பாக்கி நிற்கிறது. வேன், டிரான்சிட் (பள்ளி முடிந்தபின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் நிலையம்), டியூஷன், பரதம், சிலம்பம் என ஒவ்வொன்றுக்கும் ஒரு தேதி. எதைக் கட்டினோம், எதை மறந்தோம் என்றே தெரியவில்லை. சேமநிதியின் மூன்றாவது கணக்கில் எனக்கு 1,700 வெள்ளி இருக்கிறது. அதை எடுக்கலாமா? அலுவலகத் தோழி நடத்தும் கூட்டில் (சீட்டு) சேரலாமா? மகன் மடிக்கணினி வேறு கேட்கிறான். எப்படியாவது இதையெல்லாம் எளிமையாக்க வழி சொல்லுங்கள்.

பதில்: அன்பு வாசகிக்கு வணக்கம். நீங்கள் ஜனவரியைப் பார்த்துப் பயப்படுகிறீர்கள். உங்கள் கடிதத்துடன் அனுப்பியிருந்த கணக்கைக் கூட்டிப் பார்த்தால், கவனம் செல்ல வேண்டிய இடம் வேறு என்றே எனக்குத் தோன்றுகிறது. வரும் ஆண்டில் மூவருக்கும் வேன் 360 ரிங்கிட், இளையவர்கள் இருவருக்கும் டிரான்சிட் 600 ரிங்கிட், மூத்தவர்கள் இருவருக்கும் டியூஷன் 390 ரிங்கிட், பரதமும் சிலம்பமும் சேர்ந்து 140 ரிங்கிட் என்று மாதந்தோறும் 1,490 ரிங்கிட் போகப்போகிறது. கைக்கு வரும் வருமானத்தில் இது கிட்டத்தட்ட கால் பங்கு. ஆண்டிறுதி விடுமுறைக்காக ஒரு மாதத்தைக் கழித்தால்கூட ஆண்டுக்கு 16,000 ரிங்கிட்டைத் தாண்டும் இந்தத் தொகையை யாரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்யவில்லை; ஒவ்வொன்றாக வந்து சேர்ந்துகொண்டது. சீருடைக் கடையில் பத்து ரிங்கிட்டுக்குப் பேரம் பேசும் குடும்பங்கள் இந்தத் தொகையைத் தொடுவதே இல்லை.

முதலில் கார்டு. குறித்த நாளில் தவறாமல் கட்டுவோருக்கு 15 விழுக்காட்டில் தொடங்கும் வட்டி, தவணை தவறுவோருக்கு 18 விழுக்காடு வரை போகிறது. இரண்டு முறை தவறியதாக எழுதியிருக்கிறீர்கள் என்பதால், குறைத்து மதிப்பிடாமல் உச்சமான 18 என்றே வைத்துக் கணக்கிட்டேன். எட்டு மாதத்தில் நீங்கள் கட்டியது 1,600 ரிங்கிட். அதில் ஏறத்தாழ 220 ரிங்கிட் வட்டிக்கே போய்விட்டதால், பாக்கி இன்னும் 1,020 ரிங்கிட் அளவில் நிற்கிறது. மாதம் 200 என்ற கணக்கில் 2,400 ரிங்கிட் கடன் தீரப் பதின்மூன்று மாதத்துக்கு மேல் ஆகும். அதாவது இந்த ஆண்டுக் கடன் முடிவதற்குள் அடுத்த ஆண்டுச் செலவு வந்து அதன்மேல் ஏறிக்கொள்ளும். நீங்கள் செலவாளி என்பதால் கடன் நிற்கவில்லை, கட்டும் தொகை ஓர் ஆண்டுக்குள் அதை முடிக்கப் போதாது, அவ்வளவுதான்.

ஆகவே, வழக்கமாக நான் சொல்லாத ஒன்றை உங்களுக்குச் சொல்கிறேன். மூன்றாவது கணக்கிலிருந்து 1,020 ரிங்கிட்டை எடுத்துக் கார்டு கடனை ஒரேயடியாக அடைத்துவிடுங்கள். 2024 மே மாதம் முதல் நம் சந்தாவில் 75 விழுக்காடு ஓய்வுக்கால கணக்குக்கும், 15 விழுக்காடு செஜாத்தெரா (நல்வாழ்வு) கணக்குக்கும், 10 விழுக்காடு இந்த நெகிழ்வுக் கணக்குக்கும் போகிறது. கடைசிக் கணக்கிலிருந்து 50 ரிங்கிட் முதல் எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம் என்பதே அதன் வசதி, அதன் ஆபத்தும் அதுதான். 2024ஆம் ஆண்டுக்குச் சேமநிதி அறிவித்த லாப ஈவு 6.30 விழுக்காடு. ஆறு விழுக்காடு ஈட்டும் பணத்தை வைத்துக்கொண்டு பதினெட்டு விழுக்காடு வட்டி கட்டுவதில் பொருளில்லை. ஆனால் இது ஒரு முறைக்கு மட்டும். ஒவ்வொரு ஜனவரியும் சட்டை, காலணி வாங்க அந்தக் கணக்கைத் திறப்பீர்களானால் அது சேமநிதி ஆகாது. மீதமுள்ள 680 ரிங்கிட்டைத் தொடாதீர்கள்.

கார்டு அடைபட்ட மாதத்திலிருந்து, இதுவரை வங்கிக்குப் போன அதே 200 ரிங்கிட்டைச் சம்பளத்துக்கு மறுநாள் தானாகவே தனிக் கணக்குக்கு மாறும்படி நிலையான கட்டளை கொடுத்துவிடுங்கள். அந்தக் கணக்குக்கு ஏடிஎம் அட்டை வேண்டாம். செப்டம்பர் முதல் டிசம்பர் வரை நான்கு சம்பளத்தில் 800 ரிங்கிட் சேரும். டிசம்பரில் டியூஷன் நிலையம் மூடியிருக்கும் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த மாதத்து 390 ரிங்கிட் ஆண்டுதோறும் எங்கே போகிறது என்று உங்கள் இருவருக்கும் தெரியாது, அப்படித்தானே? இந்த முறை அதுவும் அங்கே போகட்டும். மொத்தம் 1,190.

ஆண்டுத் தொடக்க உதவித்தொகையும் உண்டு. சில ஆண்டுகளாக இதை அரசாங்கம் வருமான வரம்பின்றி மாணவர் ஒவ்வொருவருக்கும் 150 ரிங்கிட் என்று பள்ளி வழியாகக் கொடுத்து வருகிறது. மூன்று பிள்ளைகளுக்கு 450 ரிங்கிட். பள்ளி அறிவித்துப் பணம் கைக்கு வரும்வரை இதை வரவில் எழுத வேண்டாம்.

இனி அந்த 2,400 ரிங்கிட்டைப் பிரித்துப் பார்ப்போம். சீருடைக்கும் காலணிக்கும் 1,050, புத்தகப்பைக்கு 240, பயிற்சி நூல்களுக்கு 540, பெற்றோர் ஆசிரியர் சங்கம் உட்படப் பள்ளிக் கட்டணம் 200, வேன், டிரான்சிட் முன்பணம் 370. இவற்றில் பள்ளி திறக்கும் வாரத்திலேயே தேவைப்படுபவை எவை? படிவம் ஒன்றுக்குப் போகும் பையனுக்குப் பச்சைக் கால்சட்டை புதிதாகத்தான் வாங்க வேண்டும், தம்பிக்கு நீலக் கால்சட்டை. அண்ணன் இப்போது போடுவது தம்பிக்குப் பாவாடை அளவுக்கு இருக்கும் என்பதால் அதில் மிச்சம் பார்க்க முடியாது. ஆனால் பதின்மூன்று வயதில் பையன்கள் ஆறு மாதத்தில் கணுக்காலுக்குமேல் கால்சட்டை ஏறிப்போகும்படி வளர்ந்துவிடுவார்கள். மூன்று, நான்கு செட் வாங்காமல் இரண்டு செட் வாங்கி, மூன்றாவதை ஜூன் மாதத்தில் அப்போதைய அளவுக்கு வாங்குவதே சிக்கனம். விளையாட்டு உடையிலேயே வரச் சொல்லும் நாள்கள் பள்ளியில் எத்தனை என்று கேட்டுக்கொண்டு கடைக்குப் போங்கள். புத்தகப்பை முதலாம் ஆண்டுக்காரனுக்கு மட்டும் போதும். பாடநூல்களை அரசாங்கம் இரவலாகத் தருகிறது. 2008 முதல் இது எல்லா மாணவர்களுக்கும் உண்டு. கடையில் கட்டாக வைத்திருக்கும் பயிற்சி நூல்கள்தான் செலவு. ஆசிரியர் எதைப் பயன்படுத்தப்போகிறார் என்று தெரியுமுன் முழுப் பட்டியலையும் வாங்குவதால், ஆண்டு முடிவில் பாதி நூல்கள் எழுதப்படாமலே பழைய பேப்பர்காரருக்குப் போகின்றன. முதல் வாரத்துக்கு 180 ரிங்கிட் அளவில் வாங்குங்கள். இப்படிக் கணக்கிட்டால் சீருடை 750, பை 80, நூல் 180, கட்டணம் 200, முன்பணம் 370 என்று 1,580 ரிங்கிட்டில் பள்ளி திறந்துவிடும். சேமித்த 1,190உடன் உதவித்தொகை சேர்ந்தால் போதும். அது தாமதமானால் குறைகிற 390 ரிங்கிட்டைக் கார்டில் போட்டு, அடுத்த பில்லிலேயே முழுவதும் கட்டிவிடுங்கள். பழைய பாக்கி இல்லாத கார்டில் அப்படிக் கட்டினால் வட்டி விழாது.

நேரத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். நோய்த்தொற்றுக் காலத்துக்குப் பின் பள்ளி ஆண்டு மார்ச்சுக்குத் தள்ளிப்போனதால், தீபாவளிக்கும் பள்ளிச் செலவுக்கும் இடையே நமக்கு மூச்சு விட நாலைந்து மாதம் கிடைத்தது. 2025இல் அது பிப்ரவரிக்கும் 2026இல் ஜனவரிக்கும் திரும்பிவிட்டது. இனி தீபாவளி, ஆண்டிறுதி, பள்ளி, பொங்கல், தண்ணீர்மலைத் தைப்பூசம் என்று எல்லாம் ஒரே வரிசையில் வரும். உங்கள் இருவரின் போனஸில் ஏதாவது ஒன்றை இந்த வரிசைக்கென்று இப்போதே ஒதுக்குங்கள்.

இப்போது மாதச் செலவுக்கு வருகிறேன். எளிமையாக்க வழி கேட்டீர்களே, அதற்கு விடை இங்கேதான். உங்கள் மகள் பள்ளி முடிந்ததும் டிரான்சிட் போகிறாள், அவளைப் பள்ளியிலிருந்து ஏற்றிக்கொள்வது டிரான்சிட் நிலையத்தின் வண்டி. அப்படியிருக்க, பள்ளி வேனுக்குப் போக வர இரண்டு வழிக்கும் 120 ரிங்கிட் எதற்காகக் கட்டுகிறீர்கள்? தம்பிக்கும் இதே ஏற்பாடுதான் வரப்போகிறது. வேன் ஓட்டுநரிடம் காலை ஒரு வழிக்கு மட்டும் கட்டணம் பேசுங்கள். 70 ரிங்கிட்டுக்கு அவர் ஒப்புக்கொண்டாலே இருவருக்கும் மாதம் 100 ரிங்கிட் மிஞ்சும். பேச வேண்டிய காலம் நவம்பர், இடங்கள் நிரம்பிய ஜனவரி அல்ல.

மகனுக்கு நான்கு பாட டியூஷன் 240 ரிங்கிட். தமிழ்ப்பள்ளியிலிருந்து இடைநிலைப்பள்ளிக்குப் போகும் பிள்ளைக்குப் பெரும்பாலும் மொழிதான் தடுமாற்றம். இதுவரை தமிழில் படித்த கணிதமும் அறிவியலும் இனி மலாயில் வரும். எனவே மலாய்மொழியையும் கணிதத்தையும் வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் முதல் சில மாதங்கள் நிறுத்திப் பாருங்கள். தேவையென்று ஆசிரியர் சொன்னால் சேர்க்க எத்தனை நாளாகும்? மகளின் மூன்று பாடத்தையும் அவ்வாறே அவளுடைய வகுப்பாசிரியரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். ஆறாம் ஆண்டில் எழுதும் யுபிஎஸ்ஆர் தேர்வு 2021இல் நீக்கப்பட்டபின்னும் அதற்கென்று பழகிப்போன டியூஷன் வழக்கம் பல வீடுகளில் அப்படியே தொடர்கிறது. பணம் குறைந்தால் முதலில் நிறுத்தப்படுவது பரதமும் சிலம்பமுமாகவே இருப்பதை நான் பார்த்து வருகிறேன். உங்கள் பட்டியலில் மிகக் குறைந்த செலவு அவைதான், பிள்ளைகள் விரும்பிப் போவதும் அவற்றுக்குத்தான் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அவற்றை விட்டுவைக்கலாம்.

தேதிக் குழப்பத்துக்குத் தீர்வு எளிது. எல்லோரிடமும் பேசிக் கட்டண நாளைச் சம்பளத்துக்கு அடுத்த ஒரே நாளுக்கு மாற்றிக் கேளுங்கள். பெரும்பாலோர் மறுக்க மாட்டார்கள், முன்கூட்டியே பணம் வருவது யாருக்குக் கசக்கும்? ரொக்கமாகக் கொடுப்பதை நிறுத்தி டுயிட்நவ் என்ற வங்கிப் பணமாற்று வழியாக அனுப்பினால், கட்டினோமா இல்லையா என்ற கேள்விக்கு வங்கிப் பதிவே பதில் சொல்லும். இந்த வேலையை இருவரில் ஒருவர் மட்டும் பொறுப்பேற்கட்டும். இருவரும் பார்த்துக்கொள்கிற காரியத்தில்தான் தவணை தவறுகிறது.

கூட்டு வேண்டாம். கூட்டு நடத்துவதைத் தொழிலாகச் செய்வதை 1971ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது, ஒருவர் பாதியில் நின்றுவிட்டால் நட்பும் போகும் பணமும் போகும். மாதம் 200 ரிங்கிட் சேமிக்க உங்களுக்கு வேறொருவர் தயவு தேவையில்லை.

மடிக்கணினி 1,800 ரிங்கிட் என்றும், வரி விலக்கு கிடைக்கும் என்பதால் டிசம்பருக்குள் வாங்கிவிடலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். வருமான வரியில் வாழ்க்கைமுறை விலக்கின் உச்சவரம்பு 2,500 ரிங்கிட், புத்தகமும் கைப்பேசியும் வீட்டு இணையக் கட்டணமும் அதற்குள்தான். கணவர் பெயரில் உள்ள இணையத்துக்கு மாதம் 130 கட்டுகிறீர்கள் என்றால் 1,560 ரிங்கிட் ஏற்கெனவே போய்விட்டது, மடிக்கணினிக்கு மிஞ்சுவது 940. அவர் 3 விழுக்காட்டுப் படியில் இருந்தால் மிச்சமாவது 28 ரிங்கிட், 6 விழுக்காடு என்றால் 56. இதற்காக டிசம்பரில் அவசரப்பட வேண்டியதில்லை. மார்ச் வரை பொறுத்து, பள்ளி உண்மையிலேயே மடிக்கணினி கேட்கிறதா என்று பார்த்து, தேவையென்றால் நீங்கள் இருவரும் தனித்தனியே வரிக் கணக்குக் கொடுப்பவர்களாக இருக்கும் பட்சத்தில் உங்கள் பெயரில் ரசீது வாங்குங்கள். உங்களுடைய 2,500 இன்னும் தொடப்படாமல் இருக்கிறது.