பத்து மணிக்குப் படுத்தும் வராத தூக்கம்

வணக்கம் சார்,

கோவையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை. அமெரிக்க வாடிக்கையாளருடன் தினமும் இரவு எட்டரையிலிருந்து ஒன்பதரை வரை போன் கால் இருக்கும். அதன் பிறகு சாப்பாடு, மொபைல் என்று தூங்க ஒரு மணி ஆகிவிடும். எழுவது எட்டு மணிக்கு. ஒரு தேர்வுக்குப் படிக்க வேண்டியிருப்பதால், பத்துக்குப் படுத்து ஐந்துக்கு எழுவது என்று கொஞ்ச நாளாக முயல்கிறேன். படுத்தால் பன்னிரண்டரை வரை புரண்டுகொண்டே இருக்கிறேன். ஐந்துக்கு அலாரம் வைத்து எழுந்தாலும் புத்தகம் மண்டையில் ஏறவில்லை. எனக்கு மன உறுதி போதாதா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

மன உறுதிக்கு இதில் வேலையே இல்லை. வைராக்கியத்தால் விழித்திருக்கலாம், தூங்க முடியாது.

தூக்கத்தைக் கொண்டுவருபவை இரண்டு. விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் சேர்ந்துகொண்டே போகும் அடினோசின் என்ற வேதிப்பொருள் ஒன்று. மூளைக்குள் ஓடும் 24 மணி நேரக் கடிகாரம் மற்றொன்று. நாளெல்லாம் சேரும் அசதி மாலையிலேயே நம்மைச் சாய்த்துவிடாமல் இந்தக் கடிகாரம் எதிர்ப்பக்கம் இழுத்துப் பிடிக்கிறது. அந்தப் பிடி மிக இறுகியிருப்பது, வழக்கமாகத் தூங்கும் நேரத்துக்கு முந்தைய இரண்டு மூன்று மணி நேரம். இஸ்ரேலிய ஆய்வாளர் பெரெட்ஸ் லாவி 1986இல் இதைத் தூக்கத்துக்குத் தடைபோட்ட நேரம் என்றே குறிப்பிட்டார். ஒரு மணிக்குத் தூங்கிப் பழகிய உங்களுக்கு அது ஏறத்தாழ பத்திலிருந்து பன்னிரண்டு வரை. சரியாக அந்த நேரம் பார்த்துப் படுக்கிறீர்கள்.

ஐந்து மணி அலாரத்தில் இன்னொரு வில்லங்கம் இருக்கிறது. உடலின் வெப்பம் மிகவும் தணிவது, வழக்கமாக எழுவதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பு. அதற்குப் பிறகு கண்ணில் படும் வெளிச்சம் கடிகாரத்தை முன்னே இழுக்கும். அதற்கு முன்பு பட்டால் பின்னே தள்ளும். எட்டுக்கு எழுந்து பழகியவருக்கு அந்தக் கட்டம் ஐந்து, ஐந்தரை வாக்கில் வரும். அதற்குள் எழுந்து டியூப்லைட் வெளிச்சத்தில் உட்கார்ந்தால், கடிகாரம் நீங்கள் விரும்பும் பக்கம் நகராது. இருக்கும் இடத்திலேயே நின்றாலும் நிற்கும், இன்னும் பின்னே போனாலும் போகும். நாலரை மணி நேரத் தூக்கத்தோடு படிப்பது வேறு. பின்னிரவில்தான் கனவுத் தூக்கம் அதிகம். அலாரம் வெட்டுவது பெரும்பாலும் அதைத்தான்.

ஆகவே ஐந்தை விடுங்கள். ஒன்பதரை வரை கால் பேசுகிறவருக்குப் பதினொன்று – ஆறுதான் நடக்கிற காரியம். படுக்கும் நேரத்தை இப்போதைக்குத் தொடவே வேண்டாம். எழும் நேரத்தை மட்டும் இருபது நிமிடம் முன்னே கொண்டுவாருங்கள். ஏழு நாற்பது, மூன்று நாள். பிறகு ஏழு இருபது, மூன்று நாள். இப்படி ஆறு படி இறங்கினால் மூன்று வாரத்துக்குள் ஆறு மணிக்கு வந்துவிடலாம். இரவில் தூக்கம் தானாகவே முன்னே வரும். கண் சொக்கும்போது போய்ப் படுத்தால் போதும்.

எழுந்ததும் அரை மணி நேரம் மொட்டை மாடியிலோ தெருவிலோ இருங்கள். வீட்டுக்குள் விளக்கு வெளிச்சம் சில நூறு லக்ஸ்தான் (லக்ஸ் என்பது வெளிச்சத்தின் அளவு). மேகம் மூடிய காலையில்கூட வெளியே பல ஆயிரம் லக்ஸ் கிடைக்கும். சூரியனை நேராகப் பார்க்கக் கூடாது, தேவையும் இல்லை. டிசம்பர், ஜனவரியில் ஆறு மணிக்கு இன்னும் இருட்டாக இருக்கும், அப்போது விடிந்தபின் போகலாம். எழுந்தவுடன் அரை மணி நேரத்துக்கு மூளை மந்தமாக இருப்பதும் இயல்பே. கடினமான பாடத்தை அதற்குப் பிறகு எடுங்கள்.

மாலையில் மாற்ற வேண்டியது சாப்பாட்டு நேரம். காலுக்கு முன்பே, ஏழரைக்குள், முடித்துவிடுங்கள். பத்தரைக்குத் தோசை தின்றுவிட்டுப் படுத்தால் நெஞ்செரிச்சல்தான் கூடவே படுக்கும். கால் முடிந்ததும் டியூப்லைட்டை அணைத்துவிட்டு மஞ்சள் வெளிச்சம் தரும் சின்ன விளக்கு ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள். மொபைலில் நீல வெளிச்சத்தைவிட, அடுத்தது அடுத்தது என்று இழுக்கும் ரீல்ஸ்தான் பெரிய திருட்டு. மொபைலை வேறு அறையில் சார்ஜ் போடுங்கள்; அலாரத்துக்கு நூறு இருநூறு ரூபாயில் ஒரு கடிகாரம் கிடைக்கும்.

காபி பற்றி நீங்கள் எழுதவில்லை, ஆனால் எட்டரை மணி காலுக்கு முன் ஒரு டம்ளர் உள்ளே போகிறது என்பது என் ஊகம். கஃபைன் உடலில் பாதியாகக் குறையவே ஐந்தாறு மணி நேரம் ஆகும். கடைசிக் காபி மதியம் இரண்டு மணிக்குள் இருக்கட்டும்.

படுத்து ஏறக்குறைய இருபது நிமிடத்தில் தூக்கம் வரவில்லையா? மணி பார்க்காமல் எழுந்து, மங்கிய வெளிச்சத்தில் ஏதாவது சுவாரசியமில்லாத வேலையைச் செய்யுங்கள். துணி மடிக்கலாம். கண் கனத்த பிறகு திரும்பிப் போங்கள். புரண்டுகொண்டே கிடந்தால், படுக்கை என்றாலே விழித்திருக்கும் இடம் என்று மூளை பழகிவிடும்.

இந்தத் திட்டம் பெரும்பாலும் உடைவது ஞாயிற்றுக்கிழமையில். பத்து மணி வரை தூங்கினால், ஞாயிறு இரவு தூக்கம் தள்ளிப்போய்த் திங்கள் காலை கெடும். அன்றைக்கு அரை மணி நேரம் கூடுதல் போதும். பிரியாணிக்குப் பின் கண் செருகினால் மூன்று மணிக்கு முன், இருபது நிமிடத்துக்கு அலாரம் வைத்துக்கொண்டு தூங்குங்கள்.

ஏழு மணி நேரம் தொடர்ந்து தூங்கியும் பகலில் தலை சாய்ந்தால், அதிலும் குறட்டையும் இருந்தால், மருத்துவரைப் பாருங்கள். தூக்கத்தில் வரும் மூச்சுத்திணறல், தைராய்டு, ரத்தசோகை எதுவாகவும் இருக்கலாம். அதற்கு அட்டவணை உதவாது.

முதல் ஏழு நாற்பதைத் திங்களன்று தொடங்குங்கள். வெள்ளியில் தொடங்கினால் மூன்று நாளில் இரண்டு நாள் விடுமுறையிலேயே போய்விடும்.