ஆபீஸ் முடிஞ்சு மிஞ்சுற ஒரு மணி நேரத்துல கேம் ஆடுறது எப்படி? – கேள்வி பதில்

முழுநேர வேலையில் இருந்துகொண்டு கேம் ஆட நேரம் தேடுகிறவர்கள் அனுப்பிய கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் கீழே. ஒரே விஷயத்தைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். பிசி பெரிதா கன்சோல் பெரிதா என்ற சண்டைக் கேள்விகளைத் தள்ளிவிட்டேன்.

கடைசிபஸ்: ராத்திரி சாப்பாடு முடிஞ்சு ஒரு மணி நேரம் கிடைக்குது. ஆனா உட்கார்ந்து சூடு பிடிக்கிறதுக்குள்ள தூங்குற நேரம் வந்துடுது. இதுக்கு என்ன பண்றது?

ஒரு மணி நேரம் தாராளம். அது எங்கே ஒழுகுகிறது என்று பாருங்கள். 9.15-க்கு பிசியை ஆன் செய்கிறீர்கள். பிசி கேம்களை வாங்கி ஆடும் செயலியான ஸ்டீம் திறந்ததும் அப்டேட் கேட்கிறது. அது இறங்கி முடிய 9.30. புது கிராபிக்ஸ் டிரைவர் போட்டிருந்தால் ஷேடர் (காட்சியை வரையும் சிறு நிரல்கள்) கம்பைல் ஆக இன்னும் ஐந்து நிமிடம். லோகோ, மெனு, லோடிங் எல்லாம் தாண்டி 9.40-க்கு ஏதோ ஒரு காட்டில் கத்தியோடு நிற்கிறீர்கள். எதற்கு வந்தோம் என்பது நினைவில்லை. மேப்பைப் புரட்டி, குவெஸ்ட் பட்டியலைப் படித்து முடிக்க 9.50. 10.15-க்குப் படுக்க வேண்டும். ஆக, 60 நிமிடத்தில் உருப்படியாக ஆடியது 25.

இந்த 35 நிமிடத்தைத்தான் மீட்க வேண்டும். ஸ்டீமில் செட்டிங்ஸ், டவுன்லோட்ஸ் பகுதிக்குப் போனால், எத்தனை மணியிலிருந்து எத்தனை மணிக்குள் அப்டேட் ஆகலாம் என்று குறிக்கலாம். பலர் அதிகாலை 3 மணி என்று போட்டுவிட்டு பிசியை அணைத்துவிடுகிறார்கள். பிசி ஓடிக்கொண்டிருந்து, ஸ்டீமும் திறந்திருந்தால்தான் எதுவும் இறங்கும். எனவே நீங்கள் வீட்டுக்கு வரும் நேரத்தைப் போடுங்கள். வந்ததும் பிசியை ஆன் செய்து, கேமை ஒருமுறை திறந்து மெயின் மெனுவில் நிறுத்திவிட்டுக் குளிக்கப் போங்கள். அப்டேட், ஷேடர் இரண்டும் அந்த நேரத்தில் முடிந்துவிடும். ‘எதற்கு வந்தோம்’ விஷயத்துக்கு மறதிமன்னன் கேள்வியைப் பாருங்கள்.

ஸ்லீப்மோடு: பிஎஸ்5-ல ரெஸ்ட் மோடு போட்டுட்டுப் போனா விட்ட இடத்துலயே தொடரலாம்னு சொல்றாங்க. எனக்கு ரெண்டு தடவை எல்லாம் போயிடுச்சு. ஏன்?

ரெஸ்ட் மோடு ஒரு நேரத்தில் ஒரு கேமைத்தான் பிடித்து வைத்திருக்கும். இடையில் வீட்டில் யாராவது வேறு கேமைத் திறந்தால் உங்களுடையது மூடப்படும். சேவ் செய்யாத பகுதி போய்விடும். கரண்ட் போனாலும் இதே கதி. எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ், சீரிஸ் எஸ் இரண்டிலும் உள்ள குவிக் ரெஸ்யூம் பல கேம்களை ஒரே சமயத்தில் நினைவில் வைக்கும். கேமின் நிலையை எஸ்எஸ்டி என்ற சேமிப்பகத்தில் எழுதிவிடுவதால் மின்சாரம் போனாலும் பெரும்பாலும் தப்பிக்கும். ஆனால் அந்த கேமுக்கு அப்டேட் வந்து ஏறினால் அதுவும் அழியும். ஆன்லைன் கேம்களுக்கு இரண்டுமே உதவாது, சர்வர் உங்களை வெளியே தள்ளியிருக்கும்.

ஆகவே ரெஸ்ட் மோடு நேரத்தை மிச்சப்படுத்தத்தான். சேவுக்கு அது மாற்று அல்ல. பட்டனை அழுத்துமுன் ஒருமுறை சேவ் செய்துவிடுங்கள். கூடவே, செட்டிங்ஸில் பவர் சேவிங் பகுதியில் ரெஸ்ட் மோடிலும் இணையத்தோடு இணைந்திருக்கும்படி வைத்தால், அப்டேட்கள் நீங்கள் ஆபீஸில் இருக்கும்போதே இறங்கிவிடும்.

டவர்பிசி: விண்டோஸ்ல இந்த மாதிரி வசதி இல்லையா?

கன்சோல் அளவுக்கு நம்பகமாக இல்லை. பிசியை ஸ்லீப்பில் போட்டு எழுப்பினால் சில கேம்கள் தொடரும், சில கருப்புத் திரையோடு நிற்கும், சத்தம் மட்டும் போய்விடுவதும் உண்டு. இதற்காகவே பலர் கையடக்க கேம் கருவியான ஸ்டீம் டெக் பக்கம் போகிறார்கள்: மேல் பட்டனைத் தட்டினால் தூங்கும், மறுபடி தட்டினால் சில நொடிகளில் அதே காட்சி. நின்டெண்டோ ஸ்விட்ச் 2017-லிருந்தே இப்படித்தான்.

டெக், பிசி இரண்டிலும் ஒரே கேமை ஆடுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கேமை மூடும்போதுதான் பொதுவாக சேவ் கிளவுடுக்குப் போகும். டெக்கைத் தூங்க வைத்துவிட்டு பிசியில் அதே கேமைத் திறந்தால் பழைய சேவ் வரும். அதை ஆடி முடித்துவிட்டு டெக்குக்குத் திரும்பினால் ‘எந்த சேவ் வேண்டும்’ என்று கேட்கும். தூக்கக் கலக்கத்தில் தவறான பக்கத்தை அமுக்கி பத்து மணி நேர ஆட்டத்தைத் தொலைத்தவர்கள் ஏராளம். கருவி மாற்றுமுன் கேமை முழுதாக மூடுங்கள். அந்தப் பெட்டி வந்துவிட்டால் தேதியையும் நேரத்தையும் நிதானமாகப் படித்துவிட்டுத் தேர்ந்தெடுங்கள்.

அரைமணிராஜா: 20, 30 நிமிஷத்துக்கு ஏத்த கேம் சொல்லுங்க.

பெயரைவிட, நடுவில் விட்டால் என்ன ஆகும் என்பதைப் பார்த்து எடுங்கள். வகை வகையாகச் சொல்கிறேன்.

அறை அறையாக சேவ் ஆகிறவை: ஹேடஸில் ஒரு ஓட்டம் (தொடக்கத்திலிருந்து ஒரு முழு முயற்சி) சுமார் அரை மணி நேரம். நடுவில் வெளியேறினால் அந்த அறையின் ஆரம்பத்திலிருந்து தொடரும், இழப்பு ஒன்றிரண்டு நிமிடம். ஸ்லே தி ஸ்பையரும் அப்படியே. சண்டைக்கு நடுவே மூடினால் அதே சண்டை முதலிலிருந்து வரும்.

நாளுக்கு ஒரு சேவ்: ஸ்டார்டியூ வேலியின் பிசி, கன்சோல் பதிப்புகளில் உங்கள் ஆள் படுத்துத் தூங்கினால்தான் சேவ். ஒரு முழு நாள் சுமார் 14 நிமிடம். அதாவது 30 நிமிடத்துக்கு இரண்டு நாள் கச்சிதம். மூன்றாவது நாளைத் தொடங்கினால் அன்றைக்குத் தூக்கம் கெட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கடிகாரமே உள்ளே இருப்பவை: அவுட்டர் வைல்ட்ஸில் எல்லாம் மறுபடி முதலிலிருந்து தொடங்கும் ஒரு சுழற்சி 22 நிமிடம். நீங்கள் கண்டுபிடித்தவை கப்பலின் குறிப்பேட்டில் பதிவாகிவிடும். வேலைக்குப் போகிறவருக்காகவே அளவெடுத்துத் தைத்தது போல இருக்கும்.

இனி எல்டன் ரிங். ஆட்டத்தை வழக்கம்போல இடைநிறுத்த முடியாவிட்டாலும் மெனுவில் போய் வெளியேறினால் நின்ற இடத்திலேயே சேவ் ஆகும். பாஸோடு (பெரிய எதிரியோடு) மோதிக்கொண்டிருந்தால் மட்டும் அவன் இருக்கும் இடத்தின் வாசலில் உள்ள பனித்திரைக்கு வெளியே போட்டுவிடும். கடினமான கேம் என்பதால் நேரமில்லாதவர்களுக்கு ஆகாது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அரை மணிக்கு அது நன்றாகவே பொருந்தும்.

தவிர்க்க வேண்டியது, முறை வைத்து ஆடிப் பேரரசு கட்டும் சிவிலைசேஷன் வகை. எங்கு வேண்டுமானாலும் சேவ் ஆகும், எழுந்திருக்கத்தான் முடியாது. அப்படியும் ஆடியே தீருவேன் என்றால், ஆறாம் பாகத்தில் வேகத்தை ‘ஆன்லைன்’ என்று மாற்றுங்கள். ஒரு ஆட்டத்துக்கான 500 முறை (டர்ன்) 250 ஆகக் குறையும்.

நூறுமணி: பெரிய ஆர்பிஜி (ஒரு பாத்திரமா நீளமான கதையை ஆடுற கேம்) தான் பிடிக்கும். வாரத்துக்கு நாலு மணி நேரம்தான். விட்டுடலாமா?

கணக்குப் போட்டுவிட்டு முடிவெடுங்கள். வாரம் 4 மணி என்றால் 50 மணி நேரக் கதை பன்னிரண்டரை வாரம், மூன்று மாதம். 100 மணி என்றால் 25 வாரம், கிட்டத்தட்ட அரை வருடம். அரை வருடம் ஒரே கேமோடு குடித்தனம் நடத்தச் சம்மதம் என்றால் தாராளமாகத் தொடங்குங்கள். இரண்டை ஒரே நேரத்தில் மட்டும் வேண்டாம். இரண்டும் பாதியில் நிற்கும்.

விட்சர் 3 போன்றதில் சண்டை உங்களுக்குச் சுவை இல்லையென்றால் கடினத்தை மிகக் குறைந்த நிலையில் வையுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. மேப்பில் இருக்கும் கேள்விக்குறிகளைத் துடைக்கும் வேலைதான் நேரத்தை அதிகம் தின்கிறது. பெயர் உள்ள ஆள் கொடுக்கும் பக்கக் கதைகளை ஆடுங்கள், கேள்விக்குறிகளை விட்டுவிடுங்கள். முக்கியக் கதையின் அடுத்த கட்டத்துக்கு லெவல் போதுமானதாக இருந்தால் போய்க்கொண்டே இருக்கலாம்.

மறதிமன்னன்: ரெண்டு வாரம் ஆபீஸ்ல டெட்லைன். திரும்பி வந்தா எந்த பட்டன் எதுக்குன்னே தெரியல. முதல்ல இருந்து ஆரம்பிக்கட்டுமா?

வேண்டாம். முதலிலிருந்து ஆரம்பிக்கிறவர் அதே இடத்தில் மறுபடி நிறுத்துவார். பல பேரின் சேவ் பட்டியலில் முதல் அத்தியாயம் மட்டும் நாலு தடவை இருக்கும்.

இப்படிச் செய்யுங்கள். கன்ட்ரோலர் செட்டிங்ஸ் பக்கத்தைத் திறந்து போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். முக்கியக் கதையைத் தொடாமல், ஏற்கெனவே வென்ற பகுதிக்குப் போய்ச் சாதாரண எதிரிகளோடு பத்து நிமிடம் மோதுங்கள். மனது மறந்ததை விரல் சீக்கிரம் மீட்கும். அதற்குப் பிறகு குவெஸ்ட் பட்டியல். பாஸ் சண்டை அடுத்த நாளுக்கு.

இனி இது வராமல் இருக்க, நிறுத்தும்போது போனில் ஒரே வரி எழுதுங்கள். ‘பாலத்துக்கு வடக்கே கொல்லன் கிட்ட இரும்பு கொடுக்கணும், சாவி கிடைச்சாச்சு, நெருப்புக் கத்தி வேண்டாம்.’ இவ்வளவு போதும். அடுத்து செய்ய வேண்டியது, கையில் இருப்பது, முயன்று தோற்றது என்ற மூன்றும் அதில் இருக்க வேண்டும். மூன்றாவதைத்தான் எல்லோரும் விட்டுவிடுவார்கள். பிறகு அதே சுவரில் மறுபடி போய் முட்டிக்கொள்வார்கள்.

டெய்லிலாகின்: தினமும் டெய்லி மிஷன், பேட்டில் பாஸ். ஆடுற நேரம் முழுக்க அதுக்கே போகுது.

எதைத் தவறவிட்டால் உண்மையில் நஷ்டம் என்று பிரியுங்கள். கென்ஷின் இம்பாக்டில் ரெசின் (பரிசுகளைப் பெறச் செலவழிக்கும் சக்தி) 8 நிமிடத்துக்கு ஒன்று ஊறும், உச்சம் 200. காலியிலிருந்து நிரம்ப 1600 நிமிடம், அதாவது 26 மணி 40 நிமிடம். ஆகவே நாளுக்கு ஒரு தடவை எட்டிப் பார்த்தால் எதுவும் வழிந்து வீணாகாது. காலை, மதியம், இரவு என்று மூன்று வேளை மருந்து போலத் திறக்க வேண்டியதில்லை.

பேட்டில் பாஸை (ஆடி ஆடிப் படி ஏறிப் பரிசு பெறும் சீசன் சீட்டை) வாங்குமுன் வகுத்துப் பாருங்கள். இலவசப் பகுதியிலேயே மூன்று நாள் வழக்கம்போல ஆடி, எத்தனை படி ஏறினீர்கள் என்று எண்ணுங்கள். மீதிப் படிகளை அந்த வேகத்தால் வகுத்தால் எத்தனை நாள் என்று தெரியும். சீசன் முடிய இருக்கும் நாட்களைவிட அது அதிகமென்றால் வாங்காதீர்கள். ஹேலோ இன்ஃபினிட், ஹெல்டைவர்ஸ் 2 இரண்டிலும் வாங்கிய பாஸ் காலாவதி ஆகாது; வேலைக்குப் போகிறவர்களுக்கு அந்த முறைதான் நியாயமானது. தினமும் திறக்கச் சொல்லும் கேம் கையில் ஒன்றுக்கு மேல் இருந்தால், மற்றதை இன்றே அழித்துவிடலாம்.

ஆன்கால்: ஆபீஸ் போன் எப்ப வேணா வரும். ரேங்க் மேட்ச் ஆடலாமா?

டோட்டா 2 வேண்டாம். ஒரு மேட்ச் 40 நிமிடத்தைத் தொடும், நடுவில் போனால் தண்டனையாக லோ பிரயாரிட்டி வரிசையில் தள்ளிவிடுவார்கள், கூட ஆடிய நாலு பேரின் சாபம் தனி. ராக்கெட் லீக்கில் கடிகாரம் 5 நிமிடம். கோல் மறுகாட்சி, கூடுதல் நேரம் சேர்த்தாலும் பெரும்பாலும் பத்துக்குள் முடியும். ஆன்கால் இருக்கும் வாரத்தில் தனியாக ஆடும் கேம், இல்லாத வாரத்தில் ரேங்க் என்று பிரித்துக்கொள்வதே நிம்மதி.

தொட்டில்: கைக்குழந்தை இருக்கு. ஒரு கை எப்பவும் அவகிட்ட.

வாழ்த்துகள். ஒரு கையால் ஆட முடிகிற, சத்தம் தேவைப்படாத, நேரம் ஓடாத கேம்கள்தான் உங்களுக்கு: சீட்டு, முறை வைத்து ஆடுகிறவை, புதிர்கள். பலாட்ரோ போனிலேயே ஓடும், ஒரு விரல் போதும். பெரிய கன்சோல் ஹாலில் இருந்தால் ரிமோட் பிளே மூலம் படுக்கையறையில் போனிலோ டேப்லெட்டிலோ ஆடலாம். பிஎஸ் ரிமோட் பிளேக்குக் குறைந்தது 5 எம்பிபிஎஸ், நன்றாக வர 15 வேண்டும் என்று சோனி சொல்கிறது. வேகம் இருந்தும் படம் உடைகிறதென்றால் கோளாறு பெரும்பாலும் கன்சோல் பக்கத்து வைஃபையில் இருக்கும். கன்சோலை ரூட்டரோடு கேபிளில் இணைத்து, கையில் இருக்கும் கருவியை 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபைக்கு மாற்றுங்கள். முதல் மாற்றமே பாதிக்கு மேல் சரிசெய்துவிடும்.

சோஃபாசாமி: நேரம் இருக்கு, ஆனா களைப்பு. கன்ட்ரோலரை எடுக்காம வீடியோ பார்த்தே முடிஞ்சுடுது.

களைப்பான மூளைக்குத் தேர்வு செய்வதுதான் பாரம். 40 கேம் வரிசையாகத் தெரியும் திரையின் முன் உட்கார்ந்தால் போனைத்தான் எடுக்கத் தோன்றும். இன்ஸ்டால் செய்து வைத்திருப்பதை மூன்றாகக் குறையுங்கள்: ஒன்று நீளமான கதை, ஒன்று அரை மணியில் முடிவது, ஒன்று நண்பர்களோடு. கன்ட்ரோலரை சார்ஜில் போட்டு சோஃபா மேலேயே வையுங்கள். பத்து நிமிடம் ஆடியும் பிடிக்கவில்லையென்றால் அணைத்துவிட்டு வீடியோ பாருங்கள், அதுவும் ஓய்வுதான்.

அதிகாலை: காலைல வேலைக்கு முன்னாடி ஆடறது சரியா வருமா?

வரும். ராத்திரியைவிட மூளை தெளிவாக இருக்கும் என்பதால் கடினமான பாஸையும் புதிரையும் காலைக்கு வைக்கலாம். எழுகிற நேரத்தை முன்னே தள்ளினால் படுக்கிற நேரத்தையும் அதே அளவு தள்ள வேண்டும், இல்லாவிட்டால் மூன்றாம் நாளே கைவிடுவீர்கள். கிளம்பும் நேரத்துக்கு அலாரம் வைக்காதீர்கள். 15 நிமிடம் முன்னால் வையுங்கள். சேவ் பாயிண்ட் தேட அந்த இடைவெளி வேண்டும்.

சேல்பிரியர்: தள்ளுபடில வாங்கி வாங்கி 200 கேம் ஆடாம கிடக்கு.

வாரம் 4 மணி என்றால் வருடத்துக்கு 208 மணி. ஒவ்வொன்றும் 20 மணி என்று வைத்தாலும் வருடத்துக்குப் பத்துதான் முடியும். கையிருப்பே 20 வருடத்துக்கு வரும். ஆகவே தள்ளுபடி தவறுகிறதே என்ற பதற்றம் தேவையில்லை. ஆடப் போகிற அன்று வாங்குங்கள். வாங்கிய 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் ஸ்டீம் பணத்தைத் திருப்பித் தரும். சேலில் வாங்கி மூட்டை கட்டி வைத்தால் அந்த வாய்ப்பும் போச்சு.

சமாதானப்புறா: நான் உட்கார்ந்தாலே வீட்டுக்காரிக்குக் கோபம். ‘அஞ்சு நிமிஷம்’னு சொன்னாலும் நம்ப மாட்டேங்குறா.

நம்பாதது அவர் தவறல்ல. ‘அஞ்சு நிமிஷம்’ என்று சொல்லும்போது உங்களுக்கே தெரியாது, அடுத்த சேவ் எங்கே என்று. நிமிடத்தைச் சொல்லாமல் கேமின் அலகைச் சொல்லுங்கள்: ‘இந்த மேட்ச், அப்புறம் எழுந்துடுவேன்’. சொன்னபடி எழுந்தும் விடுங்கள். வாரத்தில் இரண்டு இரவு உங்களுக்கு, இரண்டு இரவு அவருக்கு என்று நாளைக் குறித்து வையுங்கள். அவருடைய இரவுகளில் பாத்திரம், குழந்தை, கதவு மணி எல்லாம் உங்கள் பொறுப்பு. உங்கள் இரவில் ஹெட்செட்டின் ஒரு காது திறந்திருக்கட்டும். கூப்பிட்டது கேட்கவில்லை என்பதுதான் பாதிச் சண்டைக்குக் காரணம்.