திருப்பி வைத்தால் கிடைப்பது வருமானம் இல்லை, தம்பி!

கேள்வி: எனக்கு 25 வயது. காட்பாடியில் சின்னதாக பைக் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன். கடைச் செலவு போக மாதம் 30,000 ரூபாய் நிற்கும். 18,000 வீட்டுக்குக் கொடுத்துவிடுவேன். ஆர்எக்ஸ் 100 வண்டியை ட்யூன் செய்து மூன்று வருடமாக டிராக் ரேஸ் (நேர்கோட்டில் சில விநாடிகளில் முடியும் ரேஸ்) ஓட்டுகிறேன். போன சீசனில் இருங்காட்டுக்கோட்டை, கோவை, பெங்களூரு என்று ஆறு முறை போனதில் மூன்று முறை பரிசு வாங்கினேன், மொத்தம் 45,000. போக வர, பார்ட்ஸ், கூட வரும் இரண்டு பையன்களின் சாப்பாடு, என்ட்ரி பீஸ் எல்லாம் சேர்த்து ஒரு முறைக்கு 18,000 ஆகிறது. ஸ்பேர் இன்ஜின் ஒன்றும் வாங்கியிருக்கிறேன். இதற்காக அம்மாவின் ஆறு சவரன் நகையை ஒரு பைனான்ஸில் 18 சதவீத வட்டிக்கு வைத்து முதலில் 1,20,000 எடுத்தேன். அடுத்த வருடம் திருப்பி வைத்து 1,80,000. இரண்டு மாதம் முன்பு மறுபடி திருப்பி வைத்து 2,70,000. வருகிற தையில் தங்கைக்குக் கல்யாணம் பேசுகிறார்கள். பங்கு விலை ஏறுமா இறங்குமா என்று கணித்துப் பணம் போடும் ஆப்ஷன் டிரேடிங்கில் ஆறே மாதத்தில் நகையை மீட்டுவிடலாம் என்கிறான் அத்தை மகன். அதற்கு ஆப் மூலம் பர்சனல் லோன் எடுக்கலாமா?

பதில்: லோன் வேண்டாம், ஆப்ஷனும் வேண்டாம். 2021-22 முதல் 2023-24 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் பியூச்சர்ஸ், ஆப்ஷனில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டப்பட்டார்கள், சராசரியாக ஆளுக்குச் சுமார் 2 லட்சம் ரூபாய் என்று பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியே கணக்கெடுத்துச் சொல்லியிருக்கிறது. கடன் வாங்கி அங்கே போவது பற்றி இதற்கு மேல் பேச ஒன்றுமில்லை. அத்தை மகன் நல்லவனாகவே இருக்கட்டும், அவன் பேச்சு மட்டும் வேண்டாம்.

உங்கள் கடிதத்தில் என்னை உறுத்திய வார்த்தை 'திருப்பி வைத்து'. தங்கம் விலை ஏறியது, அதே நகைக்குக் கூடுதல் பணம் கிடைத்தது, பழைய கடனும் வட்டியும் அதிலேயே கழிந்து கையில் கொஞ்சம் மிஞ்சியது. அந்த மிச்சத்தை ரேஸில் ஜெயித்த பணம் மாதிரி செலவழித்துவிட்டீர்கள். கணக்கைப் பாருங்கள். முதல் வருட வட்டி 21,600. அது போக இரண்டாவது முறை உங்கள் கைக்கு வந்தது 38,400. அடுத்த வட்டி 32,400. அது போக மூன்றாவது முறை கைக்கு வந்தது 57,600. ஆக மூன்று தடவையும் சேர்த்து நீங்கள் கண்ணால் பார்த்த பணம் 2,16,000. இந்த வருடமும் வட்டி கட்டாமல் விட்டால் வருடக் கடைசியில் கட்ட வேண்டியது 3,18,600. ஒரு லட்சத்துக்கு மேல் வட்டிக்கே போகிறது. தங்கம் விலை ஒரே ஒரு வருடம் இறங்கினால் திருப்பி வைக்கவும் முடியாது, நகை ஏலத்துக்குப் போகும்.

இன்னொன்று. ஆறு பயணத்துக்கு 1,08,000 செலவு, பரிசு 45,000. துண்டு விழுவது 63,000, அதாவது மாதம் 5,250. வீட்டுக்குக் கொடுத்தது போக உங்கள் கையில் மாதம் 12,000 நிற்கிறதே, அதிலேயே இதைச் சமாளித்திருக்கலாம்! அந்த 12,000 எங்கே போகிறது என்று கடிதத்தில் ஒரு வரி கூட இல்லை. எழுத மறந்தீர்களா, உங்களுக்கே தெரியாதா? சின்னச் சின்னதாகத்தான் போயிருக்கும்: ஒரு கிளட்ச் பிளேட் செட், ஒரு கார்புரேட்டர் ஜெட், குட்டி யானை வாடகைக்கு அட்வான்ஸ், பையன்களுக்கு பிரியாணி. நகைப் பணம் கையில் இருந்ததால் எதையும் எழுதி வைக்கத் தோன்றவில்லை.

ரேஸை விடச் சொல்லமாட்டேன். இருங்காட்டுக்கோட்டையில் ஒரு முறை வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்திருக்கிறேன். பச்சை விளக்கு விழுந்ததும் டூ ஸ்ட்ரோக் புகை, கருகிய கிளட்ச் வாசனை, அடுத்த சில விநாடிகளில் எல்லாம் முடிந்துவிட்டது. அந்தச் சில விநாடிக்காக மாதக்கணக்கில் பிஸ்டனோடு போராடும் பையன்களின் முகத்தையும் பார்த்தேன். அது வீண் வேலை இல்லை. நீங்கள் வாங்கிய பரிசைப் பார்த்து வேலூர், ராணிப்பேட்டை, குடியாத்தம் பக்கத்து ஆர்எக்ஸ்காரர்கள் வண்டியை உங்களிடம் ட்யூனிங்குக்கு விடுவார்கள். ரேஸிலிருந்து வரக்கூடிய நிலையான வருமானம் அதுதான். தெரிந்தவர் என்று கூலியைக் குறைக்காதீர்கள். அந்தப் பணத்துக்குத் தனியாக ஒரு சேமிப்புக் கணக்கு ஆரம்பியுங்கள். ரேஸுக்கு ஒரு ரூபாய் செலவழித்தாலும் அதிலிருந்துதான்.

அப்புறம் கடன். பைனான்ஸில் இன்றைய பாக்கி ஏறத்தாழ 2,78,000 இருக்கும். பொதுத்துறை வங்கிகளில் நகைக் கடன் வட்டி 9, 10 சதவீதத்தை ஒட்டித்தான் இருக்கிறது. அங்கே மாற்றுங்கள். மாற்றும்போது ஆறு சவரனையும் ஒரே ரசீதில் வைக்காதீர்கள். சங்கிலி ஒரு ரசீது, வளையல் ஒரு ரசீது, மற்றது ஒரு ரசீது. ஒரே ரசீது என்றால் முழுக் கடனையும் கட்டினால்தான் நகை முழுதாக வரும் என்ற நிலை வரலாம். தனித்தனியாக இருந்தால் சின்னதை முதலில் மீட்கலாம். மாதம் 10,000 கட்டினால் முழுதும் அடைய இரண்டரை வருடத்துக்குச் சற்று மேல் ஆகும். தைக்குள் ஒரு சவரனுக்கு மேல் வெளியே வராது. ஸ்பேர் இன்ஜினை விற்று அதையும் கட்டினால் இன்னும் கொஞ்சம் வரும். இந்த சீசனில் கோவை, பெங்களூரு வேண்டாம். வேலூரிலிருந்து சுமார் 100 கிலோமீட்டரில் இருக்கும் இருங்காட்டுக்கோட்டைக்கு மட்டும் போய் அன்றே திரும்புங்கள், ரூம் வாடகை மிச்சம்.

காப்பீடு பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் சொல்லாமல் விட மனசு வரவில்லை. தொழில்முறையாக மோட்டார் ரேஸ் ஓட்டும்போது ஏற்படும் காயத்துக்கு மருத்துவக் காப்பீட்டு பாலிசிகளில் பொதுவாக விலக்கு உண்டு. வண்டி பாலிசியிலும் ரேஸுக்கு விலக்கு உண்டு. காலர் எலும்பு முறிந்து இரண்டு மாதம் ஒர்க்‌ஷாப் மூடினாலே 60,000 போச்சு. பெயர் கொடுக்கும் முன்பு, போட்டியாளர்களுக்கு விபத்துக் காப்பீடு இருக்கிறதா, எவ்வளவு என்று நடத்துபவர்களிடம் எழுத்தில் கேளுங்கள். இல்லை என்றால் அந்த ரேஸுக்குப் போகாதீர்கள். ட்யூனிங் சரிபார்க்க விடியற்காலையில் பைபாஸில் பறக்கும் பழக்கம் இருந்தால் இன்றோடு நிறுத்துங்கள். பொது ரோட்டில் ரேஸ் ஓட்டினால் முதல் முறைக்கே மூன்று மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டத்தில் இருக்கிறது.

கடைசியாக, அம்மாவுக்கு இந்த 2,70,000 தெரியுமா? பழைய 1,20,000 அப்படியே இருக்கிறது என்று நினைத்துக்கொண்டுதான் மாப்பிள்ளை வீட்டாரிடம் ஆறு சவரன் பேசிக்கொண்டிருக்கிறார்களோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது. பேச்சு முடிவதற்குள் ரசீதை அம்மா கையில் கொடுத்துச் சொல்லிவிடுங்கள். வங்கிக்கும் கூட்டிப் போங்கள். நகை அவர்களுடையது, புதுக் கடன் அவர்கள் பெயரிலேயே இருக்கட்டும். மாதா மாதம் கட்டுவது நீங்கள்.