இந்தோனேசியக் கடலுக்குக் காவல் யார்? – கேள்வி பதில்

கேள்வி: இந்தோனேசியாவின் கடலோரக் காவல் படை எது? செய்திக்கொரு பெயர் வருகிறதே?

பதில்: குழப்பம் அந்நாட்டுச் சட்டங்களிலேயே இருக்கிறது. 2008-ஆம் ஆண்டின் கப்பல் போக்குவரத்துச் சட்டம் கடலோரக் காவல் அமைப்பு ஒன்றை நிறுவச் சொன்னது. போக்குவரத்து அமைச்சகத்தின் கீழுள்ள கடல், கடலோரக் காவல் பிரிவான கேபிஎல்பி அந்தப் பொறுப்பு தன்னுடையது என்கிறது. 2014-ஆம் ஆண்டின் கடல்சார் சட்டமோ, முந்தைய ஏற்பாட்டை நீக்காமலேயே, கடல் பாதுகாப்பு முகமையான பகாம்லாவை உருவாக்கியது. வெளிநாடுகளுடனான தொடர்புகளில் கடலோரக் காவல் படை என்ற பெயரைப் பயன்படுத்துவது இந்தப் பகாம்லாதான். இவை போதாதென்று கடற்படை, கடல் போலீஸ், சுங்கத் துறை, மீன்வளக் கண்காணிப்புப் பிரிவு ஆகியவையும் தத்தம் சட்டங்களின்படி ரோந்து செல்கின்றன.

கேள்வி: பகாம்லா ஒரு கப்பலைப் பிடித்தால் அடுத்து என்ன நடக்கும்?

பதில்: 2014-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 63-ஆம் பிரிவின்படி அது கப்பலை நிறுத்தலாம், சோதிக்கலாம், பிடித்துக் கரைக்குக் கொண்டுவரலாம், பிறகு உரிய துறையிடம் ஒப்படைத்துவிட வேண்டும். 2021 ஜனவரியில் போர்னியோ தீவின் மேற்கிலுள்ள பொந்தியானாக் நகரை ஒட்டிய கடலில் இரானின் எம்டி ஹார்ஸ், பனாமா கொடியுடைய எம்டி ஃப்ரேயா ஆகிய எண்ணெய்க் கப்பல்கள் சிக்கின. கொடியை மறைத்து, அடையாளம் காட்டும் ஏஐஎஸ் கருவியை அணைத்துவிட்டு, கடலிலேயே ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு எண்ணெய் மாற்றிக்கொண்டிருந்தன என்பது குற்றச்சாட்டு. அவற்றைச் சிங்கப்பூருக்கு அருகிலுள்ள பாத்தாம் தீவுக்குக் கொண்டுசேர்த்தது பகாம்லா. வழக்கை நடத்தும் பொறுப்போ பிற துறைகளைச் சேர்ந்தது. பிடித்தவரே ஆதாரங்களைக் கடைசிவரை பேண முடியாத இந்த ஏற்பாடுதான், கப்பல் எண்ணிக்கைக் குறைவைவிடப் பெரிய பலவீனம் என்பது என் கருத்து.

கேள்வி: தென்சீனக் கடலின் விளிம்பிலுள்ள இந்தோனேசியாவின் நத்துனா தீவுகளுக்கு வடக்கே வரும் சீனக் காவல் கப்பல்களை ஏன் சிறைப்பிடிப்பதில்லை?

பதில்: அது தனிப் பொருளாதார மண்டலம், அதாவது கரையிலிருந்து 200 கடல் மைல் வரை வளங்களின் மீது மட்டும் உரிமை உள்ள கடல் பகுதி. அங்கே மீனும் எரிவாயுவும் இந்தோனேசியாவின் உரிமை. ஆனால் பிற நாட்டுக் கப்பல்கள் கடந்து செல்லத் தடையில்லை, அரசுக் கப்பல்களுக்கோ பிற நாடுகள் பிடிக்க முடியாதபடி சட்ட விலக்கும் உண்டு. மீன்பிடிப் படகைப் பிடிக்கலாம். 2019 டிசம்பரில் நடந்ததுபோல அந்தப் படகுகளுக்குத் துணையாகச் சீன அரசுக் கப்பல் வந்து நிற்கும்போது, எச்சரிப்பது, பின்தொடர்வது, தூதரகம் வழியாகக் கண்டனம் தெரிவிப்பது ஆகியவையே எஞ்சுகின்றன. போர்க்கப்பலுக்குப் பதிலாகக் காவல் கப்பலை முன்னிறுத்துவது பதற்றம் ஏறாமல் இருக்க உதவும் என்பதால், பகாம்லாவின் முக்கியத்துவம் இங்கேதான் அதிகம்.

கேள்வி: எல்லாவற்றையும் ஒரே அமைப்பாக இணைத்துவிடக் கூடாதா?

பதில்: 2022-ஆம் ஆண்டின் 13-ஆம் எண் அரசாணை ரோந்துகளை ஒருங்கிணைக்கும் பொறுப்பைப் பகாம்லாவுக்கு அளித்தது. ஆனால் அரசாணையால் சட்டத்தை மாற்ற முடியாது; ஒவ்வொரு துறையின் அதிகாரமும் அதனதன் சட்டத்தில் வேரூன்றியிருக்க, நாடாளுமன்றம் அவற்றைத் திருத்தாதவரை பகாம்லா அழைப்பு விடுக்கலாமே தவிர, கட்டளையிட முடியாது.